பாலில் வந்த நஞ்சு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மகன் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். மருமகளின் பேறுகாலத்துக்காகப் போய் அங்கே சில மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, ஆபிரகாம் லிங்கன் சிறுவயதில் வாழ்ந்த இடம் என்று தெற்கே ரொம்ப தூரம் காரில் கூட்டிப்போனான். மரங்களுக்கு நடுவே ஒரு மேடு. இரும்பு வேலி போட்ட சின்ன வளைப்புக்குள் ஒரு வெள்ளைக் கல். லிங்கனுடைய அம்மாவின் கல்லறை என்றான். எப்படி இறந்தார் என்று கேட்டேன். "பால் குடிச்சதுதான்மா காரணம்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குக் கட்டுத்தறிதான் உலகம். இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விழுவது மாடுதான். மாடு நன்றாக நிற்க, அதன் பாலைக் குடித்தவர் சாவது எப்படி? மாட்டுக்கு ஒன்றுமே ஆகாதா? அந்த ஊரில் ஒருவருக்குமா இது தெரியவில்லை? வைத்தியர் கிடையாதா?

இன்னொன்று. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று மகனைப் படிக்கச் சொன்னேன். 'ஜனாதிபதி லிங்கனின் தாய்' என்று இருக்கிறதாம். சரி, அது பெருமைதான். ஆனால் அந்த அம்மாள் எப்படிப் பிழைத்தாள், என்ன வேலை செய்தாள், பேச்சுத்துணைக்கு யார் இருந்தார்கள் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? ஊர் திரும்பிய பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

அன்புடன்,
சு., பொள்ளாச்சி

---

அன்புள்ள சு. அம்மாவுக்கு,

மாட்டைப் பற்றி நீங்கள் கேட்டீர்களே, அந்தக் கேள்வியில்தான் படித்த டாக்டர்கள் நூறு வருடத்துக்கு மேல் சிக்கிக்கொண்டு நின்றார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அந்தப் பெண்ணிடம் வருகிறேன். அவர் பெயர் நான்சி. பிறந்த குடும்பத்தின் பெயர் ஹாங்க்ஸ்.

ஒஹையோ ஆற்றுப் பள்ளத்தாக்குக் காடுகளில் ஒரு செடி உண்டு. ஒயிட் ஸ்நேக்ரூட் என்பார்கள். இடுப்புயரம் வரும். ஓரம் பல்பல்லாக வெட்டிய இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கும். கோடை முடிகிற சமயத்தில் உச்சியில் வெள்ளை வெளேரென்று பொடிப்பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மர நிழலும் மண்ணில் கொஞ்சம் ஈரமும் இருந்தால் போதும், மண்டிவிடும். பார்ப்பதற்கு ஒரு பாவமும் அறியாத செடி. அதற்குள் இருக்கும் நஞ்சுக்கு டிரமெட்டால் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த நஞ்சு கொழுப்பில் தங்கும். அதனால் பாலோடு சேர்ந்து இறங்கிவிடும். கறவை மாடு ஒவ்வொரு முறை கறக்கும்போதும் தன் உடம்பில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடுகிறது. அதனால்தான் அது நன்றாக நிற்கிறது. அதே செடியைத் தின்ற காளையும் கிடாரியும் பால் வற்றிய மாடும் தப்பாது. நடக்கவிட்டால் கால் நடுங்கும், பிறகு விழும். அங்கே மாட்டுக்கு வரும் இந்த நோய்க்கே 'நடுக்கம்' என்றுதான் பெயர். கறவை மாட்டின் கன்று தாய்ப்பாலைக் குடித்தே செத்துப்போகும். நீங்கள் சொல்லும் இளஞ்சோளம் தின்ற மாட்டிடமே தன் வேலையை முடித்துவிடும். அதனால் எது கொன்றது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. இந்தச் செடியோ காட்டுக்குள் எங்கோ இருக்கிறது. அதைத் தின்ற மாடு சாயங்காலம் மணி ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் பால் கொடுத்துவிட்டு நிற்கிறது. அடுத்த வாரம் வீட்டுக்குள் ஒருவர் படுக்கிறார். இரண்டையும் யார் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள்? காய்ச்சினாலும் போகாது. வெண்ணெயிலும் இருக்கும்.

எப்போதும் மாடு இதைத் தேடித் தின்பதில்லை. புதிதாகக் குடியேறியவர்களிடம் வேலி போட்ட மேய்ச்சல் நிலம் ஏது? மாட்டைக் கழுத்தில் மணி கட்டிக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். கோடைக் கடைசியில் திறந்த இடத்துப் புல் காய்ந்துபோகும். மழை குறைந்த வருடம் என்றால் கேட்கவே வேண்டாம். மாடு பச்சையைத் தேடி நிழலுக்குள் போகும். அங்கே பச்சையாக நிற்பது இந்தச் செடி. ஆகஸ்டிலிருந்து முதல் உறைபனி விழும்வரை, அதாவது நம் ஆவணி, புரட்டாசி, ஐப்பசிக் கணக்கில், அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இந்தப் பயம் இருந்தது.

வைத்தியர் உண்டா என்று கேட்டீர்கள். பக்கத்தில் இல்லை. பக்கத்து டாக்டரே முப்பது மைலுக்கு மேல் இருந்தார் என்று அந்த வீட்டில் இருந்த உறவினர் டென்னிஸ் ஹாங்க்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? அந்தக் கால வைத்தியம் ரத்தத்தை வடியவிடுவதும் பாதரச மருந்து கொடுத்துப் பேதிக்கு விடுவதும்தான். நோயாளிக்கு முதலில் கை கால் ஓய்ந்துபோகும். சாப்பாடு பிடிக்காது. பிறகு ஓயாத வாந்தி, தீராத மலச்சிக்கல். நாக்கில் வெள்ளை படியும். மூச்சில் ஒரு வினோதமான நெடி அடிக்கும். உடம்பு தன் கொழுப்பையே எரித்து ரத்தம் அமிலமாகிப் போவதன் நெடி அது. அப்புறம் நினைவு தப்பும். இன்றைய ஆஸ்பத்திரி என்றால் சலைன் ஏற்றி அமிலத்தைச் சமன்செய்து காப்பாற்றப் பார்ப்பார்கள். அன்று வாய்ப்பே இல்லை.

இனி நான்சி.

யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். அவர் காலத்தில் யாரும் எழுதவில்லை. அவருக்குப் படம் கிடையாது. பார்த்தவர்கள் பல வருடம் கழித்துச் சொன்ன வர்ணனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஒல்லி என்கிறார் ஒருவர், நல்ல உடல்கட்டு என்கிறார் இன்னொருவர். அவர் படிப்பார் என்று வீட்டார் சொன்னார்கள். ஆனால் நிலம் விற்ற பத்திரத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறிதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பைபிளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்கள் நிறையப் பேருக்குப் பேனா பிடிக்கக் கற்றுத்தரவில்லை. வாசிப்புக்கு ஒரு பயன் கண்டவர்கள், பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

1784-ல் வர்ஜீனியாவில் பிறந்தார் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. தாய் பெயர் லூசி. தந்தை யார் என்பதில் தகராறு உண்டு. தன் தாய் மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்தவர் என்று லிங்கனே தன் வக்கீல் தொழில் கூட்டாளி ஹெர்ண்டனிடம் சொன்னதாக அவர் எழுதியிருக்கிறார். குழந்தையாகவே கெண்டக்கிக்குக் கொண்டுவரப்பட்ட நான்சி வளர்ந்தது சித்தி எலிசபெத்தின் வீட்டில். சித்தப்பா தாமஸ் ஸ்பேரோ. அந்த இருவரும் இந்தக் கதையின் முடிவிலும் வருவார்கள், அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1806 ஜூன் 12 அன்று தச்சுவேலை தெரிந்த தாமஸ் லிங்கனை மணந்தார். அடுத்த பிப்ரவரியில் மகள் சேரா. 1809 பிப்ரவரி 12 அன்று ஆபிரகாம். அதற்குப் பின் ஓர் ஆண் குழந்தை. அப்பாவின் பெயரையே வைத்தார்கள். அது சிசுவாகவே போய்விட்டது. கெண்டக்கியில் புதைத்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள்.

ஏன் கிளம்பினார்கள்? கெண்டக்கியில் நிலப் பத்திரங்கள் அவ்வளவு குளறுபடி. ஒரே நிலத்துக்குப் பத்திரம் இரண்டு மூன்று பேரிடம் இருக்கும். தாமஸ் கோர்ட்டு வழக்குகளில் நொந்துபோனார். அதோடு, அடிமைகளை வைத்து விவசாயம் செய்கிற ஊரில் சொந்தக் கையால் உழுகிறவன் நிமிர முடியாது. அடிமைமுறை ஒரு காரணம், நிலப் பத்திரச் சிக்கல் முக்கியக் காரணம் என்று 1860-ல் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில் லிங்கன் சொல்கிறார். 1816 கடைசியில், இண்டியானா ஒரு மாநிலமாக ஆன அதே டிசம்பர் வாக்கில், ஒஹையோ ஆற்றைத் தாண்டினார்கள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 7. ஆற்றங்கரையிலிருந்து பதினாறு மைல் போல உள்ளே, லிட்டில் பிஜன் கிரீக் என்ற ஓடைப் பகுதி. போகப் போக மரத்தை வெட்டித்தான் வழி உண்டாக்க வேண்டியிருந்தது.

160 ஏக்கர், ஏக்கர் 2 டாலர். அரசாங்கத்திடம் தவணைக்கு வாங்கிய நிலம். நிலம் என்று சொல்கிறேனே தவிர, அது முழுக் காடு. கரடியும் காட்டு விலங்குகளும் நிறைந்த இடம் என்று லிங்கன் எழுதியிருக்கிறார். அவர் குறிப்பில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. புது மரவீடு கட்டிய புதிது. எட்டு வயது நிறையச் சில நாள் இருக்கும்போது, வீட்டுப் பக்கம் காட்டு வான்கோழிக் கூட்டம் ஒன்று வந்தது. அப்பா வெளியே போயிருந்தார். பையன் வீட்டுக்குள் நின்றபடியே மரக்கட்டைகளுக்கு நடுவே இருந்த இடுக்கு வழியாகத் துப்பாக்கியால் சுட்டு ஒன்றை வீழ்த்திவிட்டான். அதற்குப் பிறகு அதைவிடப் பெரிய எந்த விலங்கின் மேலும் விசையை இழுத்ததில்லை என்று அடுத்த வரியில் எழுதுகிறார்.

எனக்கு அந்த இடுக்கின் மேல்தான் கண் போகிறது. துப்பாக்கிக் குழல் நுழையும் அளவு சந்து உள்ள சுவர். வெளியே பிப்ரவரிப் பனி. அந்த வீட்டில் ஒரு பெண் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

என்ன வேலை செய்தாள் என்றீர்கள். எல்லா வேலையும். சோளம் என்றால் அங்கே மக்காச்சோளம். அதை இடித்து மாவாக்கி அடுப்புத் தணலில் ரொட்டி சுடுவது. மான் தோலைப் பதப்படுத்தி ஆண்களுக்கு உடுப்புத் தைப்பது. நூல் நூற்று வீட்டுத் துணி நெய்வது. அடுப்புச் சாம்பலை நனைத்து வடித்த காரநீரில் பன்றிக்கொழுப்பைக் காய்ச்சிச் சோப்பு எடுப்பது. தண்ணீர் சுமப்பது. மாடு கறப்பது, வெண்ணெய் கடைவது. ஆண் கோடரியோடு காட்டுக்குள் போனால், வீட்டைச் சுற்றி இருக்கிற எல்லாம் பெண்ணின் கணக்கு. கறவையும் அதில் சேர்த்தி. நீங்கள் சாணி அள்ளி, தவிடு கலக்கி, கன்றை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து கறக்கிறீர்களே, அந்த வேலையை அவர் கொட்டகைகூட இல்லாமல் செய்திருக்க வேண்டும். குளிர்காலத்துக்குத் தீனி சேர்த்துவைக்க வைக்கோற்போர் கிடையாது. மாட்டின் தீனிக்குக் காடுதான் பொறுப்பு. நோய் உள்ளே வந்த வாசலும் அதுதான்.

பேச்சுத்துணைக்கு யார் என்று கேட்டது என்னை மிகவும் பிடித்துக்கொண்டது. கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கண்ணோடு தேதிகளைப் பார்த்தேன். முதல் வருடம் கிட்டத்தட்டத் தனிமை. 1817 இலையுதிர் காலத்தில் சித்தி எலிசபெத்தும் சித்தப்பாவும் கெண்டக்கியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். கூடவே டென்னிஸ், பதினெட்டு வயதுப் பையன். லிங்கன் குடும்பத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு பக்கம் திறந்த மரக்கொட்டகையில் தங்கினார்கள். தன்னை வளர்த்தவள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். நான்சிக்கு அந்தக் காட்டில் கிடைத்த நல்ல காலம் என்று ஒன்று இருந்தால், அது அந்த ஒரு வருடம் என்று நான் நினைக்கிறேன். ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் பிறந்த வீட்டு மனுஷி பக்கத்தில் வந்து குடியிருப்பது ஒரு பெண்ணுக்கு என்னவென்று நீங்கள் எனக்குச் சொல்லித்தர முடியும்.

1818 செப்டம்பரில் சித்தப்பா படுத்தார், சித்தியும் படுத்தார். இருவருக்கும் பணிவிடை செய்தது நான்சி. ஒருவர் பின் ஒருவராக இருவரும் போனார்கள். தாமஸ் லிங்கன் மரத்தை அறுத்துப் பெட்டி செய்தார். வீட்டுக்குத் தெற்கே இருந்த மேட்டில், நீங்கள் நின்றீர்களே அதே மேட்டில், புதைத்தார்கள். அந்தச் சமயத்திலேயே பக்கத்துக் குடியிருப்பில் இன்னொரு வீட்டு அம்மாவும் அதே நோயில் கிடந்தாள். நான்சி அங்கேயும் போய்ப் பார்த்துக்கொண்டார். அவளும் இறந்தாள். பிறகு நான்சிக்கே வந்துவிட்டது.

ஒரு விஷயம். இது தொற்றுநோய் இல்லை. போய்ப் பார்த்துக்கொண்டதால் அவருக்கு வரவில்லை. அவர்களுக்கெல்லாம் இது தெரியாது. தொட்டால் ஒட்டுமோ, காற்றில் வருமோ, மண்ணில் வருமோ என்று எல்லா விதமாகவும் பயந்த காலம். அந்தப் பயத்தோடு, சின்னக் குழந்தைகளை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் போய் வாந்தியைத் துடைத்திருக்கிறார். நான்சியைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்த விஷயங்கள் குறைவு. அதில் இது ஒன்று. அவருடைய குணத்துக்கு வேறு சான்று வேண்டாம் என்பேன்.

ஏழாம் நாள் இறந்தார் என்கிறார் டென்னிஸ். பிள்ளைகளைக் கூப்பிட்டு, அப்பாவிடமும் ஒருவரிடம் ஒருவரும் அன்பாக இருங்கள், உலகத்துக்கு நல்லவர்களாக இருங்கள் என்று சொன்னதாகவும் அவர்தான் சொல்கிறார். அது நாற்பத்தேழு வருடம் கழித்து, லிங்கன் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, கேட்டு எழுதிக்கொண்டவர்களிடம் சொன்னது. சொல் சொல்லாக நம்ப வேண்டாம். தேதி 1818 அக்டோபர் 5. வயது 34. கல்லில் 35 என்று வெட்டியிருக்கிறார்கள்.

பெட்டிக்குத் தேவையான மர ஆணிகளை ஒன்பது வயது மகன் கத்தியால் சீவிக் கொடுத்தான் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிய செய்தி. இரும்பு ஆணி அங்கே அரிது. தச்சனின் மகன், அப்பா சொன்ன வேலையைச் செய்திருப்பான். பிரசங்கியார் யாரும் பக்கத்தில் இல்லாததால் அடக்கப் பிரார்த்தனை மாதங்கள் கழித்துத்தான் நடந்தது. கெண்டக்கியில் தெரிந்த ஒரு பாப்டிஸ்ட் போதகர் வந்து செய்துவைத்தார்.

சரி, அடுப்பு யாரிடம் போனது? பதினொரு வயது சேராவிடம். அப்பா, தம்பி, சித்தியும் சித்தப்பாவும் போன பிறகு இந்த வீட்டுக்கே வந்துவிட்ட டென்னிஸ் என்று மூன்று ஆண்களுக்கு அவள்தான் சமைத்தாள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருப்பாள், அவளைச் சமாதானப்படுத்த நானும் ஏபும் (ஆபிரகாமின் செல்லப் பெயர்) ஒரு ரக்கூன் குட்டியும் ஓர் ஆமையும் பிடித்துவந்து கொடுத்தோம், மான்குட்டி பிடிக்கப் பார்த்தோம், முடியவில்லை என்று டென்னிஸ் கிழவராக இருக்கும்போது சொல்லியிருக்கிறார். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்த வருடம் டிசம்பரில் தாமஸ் கெண்டக்கிக்குப் போய், மூன்று குழந்தைகளோடு இருந்த சேரா புஷ் ஜான்ஸ்டன் என்ற விதவையை மணந்து கூட்டிவந்தார். நல்ல மனுஷி. லிங்கன் கடைசிவரை அவரை அம்மா என்றே நினைத்தார்.

இப்போது உங்கள் இன்னொரு கேள்விக்கு வருகிறேன்: அந்த ஊரில் ஒருவருக்குமா தெரியவில்லை?

அந்த நிலத்தில் அதற்கு முன் வாழ்ந்தவர்கள் யார் என்று கேட்டால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். தென் இண்டியானா நிலத்தை அங்கிருந்த பூர்வகுடிகளிடமிருந்து அரசாங்கம் ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாக வாங்கிக்கொண்டது நான்சி வருவதற்கு ஒரு பத்துப் பன்னிரண்டு வருடம் முன்புதான். அவர்களை மேற்கே தள்ளிக்கொண்டே போனார்கள். எந்தச் செடி எதற்கு ஆகும், எதைத் தொடக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த மனிதர்கள் போய்விட்டார்கள், செடி மட்டும் இருந்தது. கேட்கலாம் என்றாலும் கேட்கிற உறவு இல்லை. தாமஸ் லிங்கன் சிறுவனாக இருந்தபோது, 1786-ல், அவருடைய அப்பாவைக் கெண்டக்கியில் வயலில் வைத்துச் சுட்டுக் கொன்றவர்கள் பூர்வகுடிகள். பையன் கண்ணெதிரே நடந்தது. இந்தப் பக்கம் அந்த ரத்தம், அந்தப் பக்கம் பறிபோன மண். நடுவில் ஒரு செடியின் பெயரை யார் யாருக்குச் சொல்வது?

சொன்ன ஓர் இடம் உண்டு. பக்கத்து மாநிலமான இல்லினாயின் தென்கிழக்கு மூலையில், ராக் கிரீக் என்ற பகுதியில், அன்னா என்று ஒரு மருத்துவச்சி இருந்தார். பிற்காலத்தில் பிக்ஸ்பி என்ற குடும்பப் பெயரால் அறியப்பட்டவர். பிரசவம் பார்ப்பார், பல்லும் பிடுங்குவார், எல்லாக் காய்ச்சலுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய குடும்பத்திலேயே இந்த நோயில் சாவு விழுந்தது. அந்தப் பகுதியில் வழங்கும் வரலாறு இப்படி: 1830-களில், கோடையில் தொடங்கி உறைபனி விழுந்ததும் நோய் நிற்பதைக் கவனித்த அவர், அப்படியானால் இது செடியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி மாடுகளின் பின்னாலேயே காட்டுக்குள் நடந்தார். வழியில் தன் சனத்தைப் பிரிந்து தனியாக இருந்த ஷானி இனத்து மூதாட்டி ஒருவரைக் கண்டார். அந்த மூதாட்டி இந்தச் செடியைக் காட்டி, இதுதான் என்றார். அன்னா அதைக் கன்றுக்குட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார். கன்றுக்கு நடுக்கம் கண்டது. ஊர் ஆண்களையும் பையன்களையும் திரட்டிச் செடியை வேரோடு பிடுங்க வைத்தார். அந்தப் பகுதியில் நோய் குறைந்தது.

ஒரு மருத்துவச்சியும் ஒரு பூர்வகுடி மூதாட்டியும் காட்டில் கண்டுபிடித்தது மருத்துவ நூல்களுக்கு எட்டவில்லை. அதே காலத்தில், 1838-ல், ஒஹையோவில் ஜான் ரோ என்ற விவசாயி மாட்டுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு இதே செடியைத்தான் சொன்னார். அந்தப் பள்ளத்தாக்கிலேயே பெரிய பெயர் பெற்ற டாக்டர் டேனியல் டிரேக், சின்சினாட்டிக்காரர், இந்த நோயைப் பற்றி விரிவாக ஒரு நூலே எழுதியவர், அதை ஏற்கவில்லை. வேறொரு கொடியின் மேல் சந்தேகப்பட்டார். அவரை எதிர்த்து ஒரு விவசாயி பேச்சு எடுபடுமா? கடைசியில் அமெரிக்க வேளாண் துறையின் ஜேம்ஸ் கவுச் அந்தச் செடியிலிருந்து நஞ்சைப் பிரித்துக் காட்டியது 1928-ல். நான்சி செத்து 110 வருடம். அதற்குள் காடுகள் அழிந்து, மாடுகள் வேலிக்குள் வந்து, பல பண்ணைப் பால் ஒன்றாகக் கலந்து விற்பனைக்குப் போகத் தொடங்கி, நோய் தானாகவே அருகிவிட்டது.

அதனால், நான்சியின் சாவை விதி என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் செடியைத் தெரிந்த கண்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தன. அவை பார்த்ததைக் கேட்டு எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. மாட்டுக்கு ஒன்றுமே ஆகாதா என்ற உங்கள் கேள்வியை அந்த ஊரில் கறந்த பெண்கள் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். கன்று செத்ததை முதலில் பார்ப்பவர் கறப்பவர்தானே? அவர்கள் சொன்னது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

கல்லறைக்கு வருவோம். அறுபது வருடம் அங்கே பெயர் பொறித்த கல் எதுவும் நிலைத்து நிற்கவில்லை. காடும் புதரும் மூடிக் கிடந்தது. 1879-ல் சவுத் பெண்ட் ஊரில் வண்டித் தொழிற்சாலை நடத்திய ஸ்டூடிபேக்கர் குடும்பத்தில் ஒருவர், தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லி, இப்போதுள்ள கல்லை நட்டார். 'ஜனாதிபதி லிங்கனின் தாய்' என்பதோடு, கீழே, 'தியாகியான அவர் மகனின் நண்பர் ஒருவர் எழுப்பியது' என்றும் இருக்கிறது. நல்ல மனதோடு செய்த காரியம். ஆனால் நீங்கள் உறுத்தலாக உணர்ந்தது நியாயம். அவருடைய கல்லில் மகன் இரண்டு முறை வருகிறார். அவர் பெற்ற மகளும் இல்லை, இழந்த சிசுவும் இல்லை, அவர் பணிவிடை செய்து அதே மேட்டில் அனுப்பிவைத்த சித்தியும் இல்லை.

மகன் என்ன எழுதினார்? 1860 குறிப்பில், 1818 இலையுதிர் காலத்தில் தாய் இறந்தார் என்று ஒரே வரி. அவ்வளவுதான். 1844-ல் தேர்தல் பிரசாரத்துக்காக அந்தப் பக்கம் போனதைப் பற்றி, என் தாயும் ஒரே சகோதரியும் புதைக்கப்பட்ட இடம் என்று பின்னர் 1846-ல் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். இந்த மௌனத்துக்குப் பாசக்குறைவு என்று பொருள் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 1862 டிசம்பரில், அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில், அப்பாவைப் போரில் பறிகொடுத்த ஓர் இளம்பெண்ணுக்கு அவர் கைப்பட எழுதிய கடிதம் இருக்கிறது. துக்கம் எல்லோருக்கும் வரும், சிறியவர்களுக்கு அது எதிர்பாராமல் வருவதால் மிகக் கொடுமையாக இருக்கும் என்றும், அதைச் சொல்லும் அளவுக்குத் தனக்கு அனுபவம் உண்டு என்றும் எழுதுகிறார். தன் தாயின் பெயரை அதில் சொல்லவில்லை. யாரை நினைத்து எழுதினார் என்று எனக்குச் சந்தேகமில்லை.

அந்தக் குடும்பம் 1830 மார்ச்சில் இண்டியானாவை விட்டு இல்லினாய்க்குப் போனது. பால்நோய் மறுபடி தலைகாட்டியதும் ஒரு காரணம்.

அடுத்த முறை பேத்தியைப் பார்க்கப் போகும்போது மகனிடம் சொல்லி இன்னொரு இடத்துக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த மேட்டிலிருந்து காரில் சில நிமிடம்தான். பக்கத்து லிங்கன் மாநிலப் பூங்காவுக்குள் லிட்டில் பிஜன் பாப்டிஸ்ட் தேவாலயமும் அதன் இடுகாடும் இருக்கின்றன. அங்கே சேரா இருக்கிறாள். அடுப்படியில் அழுத அந்தச் சிறுமி வளர்ந்து, பக்கத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, 1828 ஜனவரி 20 அன்று முதல் பிரசவத்தில் இறந்துபோனாள். இருபத்தோரு வயது நிறையவில்லை. குழந்தையும் பிழைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே புதைத்தார்கள். நான்சியின் கல்லைத் தேடி வருகிறவர்களில் பலர் அங்கே போவதில்லை. நீங்கள் போவீர்கள் என்று தெரியும். போய் வந்து எழுதுங்கள்.

அன்புடன்.